ஆப்பிள் சாஸில் சர்க்கரைக்கு என்ன வேலை?

ஆப்பிள் சாஸ் என்ற பெயரில் ஒரு பொருளை டப்பாவில் அடைத்து விற்பதற்கு அமெரிக்க அரசு ஒரு தர விதி வகுத்திருக்கிறது. ஆப்பிளைத் துண்டாக்கி, கொஞ்சம் தண்ணீரில் வேகவைத்து, மசித்து, சல்லடையில் தேய்த்து எடுக்கும் கூழ்தான் ஆப்பிள் சாஸ். வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அதைப் பன்றி இறைச்சிக்குத் துணையாக வைக்கிறார்கள், உருளைக்கிழங்கு அடையோடு சாப்பிடுகிறார்கள், பல் முளைக்கும் குழந்தைக்கு ஊட்டுகிறார்கள், கேக் மாவில் வெண்ணெயைக் குறைத்து அந்த இடத்தில் சேர்க்கிறார்கள். சர்க்கரை சேர்க்காத சாஸில் கரைந்துள்ள திடப்பொருள் குறைந்தது 9 சதவீதம் இருக்க வேண்டும் என்கிறது அந்த விதி. இனிப்பூட்டியது என்று எழுதினால் 16.5 சதவீதம். கோடெக்ஸ் உணவுத் தர ஆணையம் 1981-இல் வகுத்த தரமும் இதே இரண்டு எண்களைத்தான் சொன்னது. கரைந்துள்ள திடப்பொருளில் பெரும்பகுதி சர்க்கரைதான். ஆகவே 9 சதவீதத்தில் இருக்கும் ஒரு கிலோ கூழை 16.5-க்கு உயர்த்த ஏறத்தாழ 90 கிராம் சர்க்கரை கொட்ட வேண்டும். இந்த 90 கிராம் அங்கே என்ன வேலை செய்கிறது? கெடாமல் காக்கிறது என்பார்கள், கெட்டிப்படுத்துகிறது என்பார்கள், புளிப்பை அடக்குகிறது என்பார்கள். முதல் இரண்டும் வேதியியலின் முன் நிற்பதில்லை. மூன்றாவது உண்மைதான். ஆனால் அந்தப் புளிப்பு பெரும்பாலும் எந்த ஆப்பிளை எடுத்தோம், எப்போது எடுத்தோம், எந்தச் சூட்டில் ருசி பார்த்தோம் என்பவற்றிலிருந்து வருகிறது. அந்த மூன்றையும் சரிசெய்தால் சர்க்கரைக்கு அங்கே வேலையே இல்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

சர்க்கரை இல்லாவிட்டால் கெட்டுவிடும் என்ற அச்சத்தை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அதுதான் வலுவானது. ஜாமும் மர்மலேடும் மாதக்கணக்கில் கெடாமல் இருப்பதைப் பார்த்துப் பழகிய எவருக்கும் அந்த அச்சம் வருவது இயல்பு. சர்க்கரை உணவைக் காப்பது உண்மை. அது நுண்ணுயிரிகளை நஞ்சிட்டுக் கொல்வதில்லை, தண்ணீரைத் தன்னோடு கட்டிப்போட்டு அவற்றுக்குக் கிடைக்காமல் செய்கிறது. உணவில் உள்ள தண்ணீரில் எவ்வளவு நுண்ணுயிரிகளுக்கு எட்டும் நிலையில் இருக்கிறது என்பதை நீர்ச் செயல்பாடு என்ற அளவால் குறிப்பார்கள். சுத்தத் தண்ணீருக்கு அது 1. உணவைக் கெடுக்கும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை 0.91-க்குக் கீழே வளர்வதில்லை. பூஞ்சைகளும் சில ஈஸ்ட்களும் 0.8 வரைகூடத் தாக்குப்பிடிக்கும். ஜாமில் கரைந்த திடப்பொருள் 65 சதவீதம் அளவுக்கு இருப்பதால்தான் அதன் நீர்ச் செயல்பாடு அந்த எல்லைகளை நெருங்கித் தாழ்கிறது. ஆப்பிள் சாஸோ, இனிப்பூட்டியதாகவே இருந்தாலும், 0.98-ஐ ஒட்டியே நிற்கிறது. அதாவது ஒரு பூஞ்சையின் கண்ணுக்கு இனிப்பூட்டிய சாஸும் இனிப்பூட்டாத சாஸும் ஏறக்குறைய ஒன்றுதான். 12 சதவீதத் திடப்பொருள் உள்ள ஒரு கிலோ கூழைச் சர்க்கரையால் மட்டுமே ஜாம் அளவுக்குக் கொண்டுபோக வேண்டுமானால் ஒன்றரைக் கிலோ சர்க்கரை சேர்க்க வேண்டியிருக்கும். அப்போது அது ஆப்பிள் சாஸாகவே இருக்காது. அரைகுறையாகப் போடும் சர்க்கரை காவல் காக்காது.

அப்படியானால் அதைக் காப்பது எது? அமிலமும் சூடும். காற்றுப் புகாத புட்டியில் உயிரைப் பறிக்கும் நஞ்சை உண்டாக்கவல்ல கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியா, காரகாடித்தன்மையின் அளவான பிஎச் 4.6-க்குக் கீழே இருந்தால் வளர்வதில்லை. ஆப்பிள் சாஸின் பிஎச் 3.1-க்கும் 3.6-க்கும் இடையில் இருப்பதாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் பட்டியல் காட்டுகிறது. மெக்கின்டாஷ், ஜொனாதன் போன்ற புளிப்பு வகைகள் 3.3-ஐ ஒட்டியும், கோல்டன் டெலிஷியஸ் 3.6-ஐ ஒட்டியும், புளிப்பே தெரியாத டெலிஷியஸ் வகைகூட 3.9-ஐ ஒட்டியும் நிற்கின்றன. எந்த ஆப்பிளை எடுத்தாலும் ஆபத்தின் எல்லைக்குக் கீழேதான். அமிலத்தைத் தாங்கும் ஈஸ்ட்களும் பூஞ்சைகளும் மீதமிருக்கும். அவை கொதிநிலைச் சூட்டைத் தாங்குவதில்லை. ஆகவே கொதிக்கும் சாஸைச் சுத்தமான கண்ணாடிப் புட்டியில் நிரப்பி, மூடி, கொதிநீரில் மூழ்கவைத்து, கடல்மட்டத்தை ஒட்டிய ஊர்களில் அரை லிட்டர் அளவுப் புட்டிக்கு 15 நிமிடமும் ஒரு லிட்டர் அளவுக்கு 20 நிமிடமும் சூடாக்கச் சொல்கிறது அமெரிக்க வேளாண் துறையின் வீட்டு உணவுப் பதப்படுத்தல் கையேடு. மலையூர்களில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடுவதால் உயரம் கூடக் கூட நேரமும் கூடும். அதே கையேடு, சாஸைச் சர்க்கரை இல்லாமலே அடைக்கலாம் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. விரும்பினால் ஒரு குவார்ட்டுக்கு, அதாவது ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவான அளவுக்கு, அரைக்கால் கப் சர்க்கரை சேர்த்துக்கொள்ளலாம் என்கிறது. 25 கிராம் வரும் அந்த அளவு ருசிக்கு மட்டுமே என்பது அளவிலேயே தெரிகிறது. எத்தனை நிமிடம் கொதிநீரில் இருக்க வேண்டும் என்பதில் இம்மியும் விட்டுக்கொடுக்காத ஒரு கையேடு, சர்க்கரை விஷயத்தை உங்கள் விருப்பம் என்று விட்டுவிடுவதைவிடத் தெளிவான சான்று வேறென்ன வேண்டும்?

கெட்டித்தன்மைக்கான வாதத்தை விரைவாகவே முடித்துவிடலாம். ஆப்பிளின் செல்களை, செங்கற்களைச் சாந்து பிடித்திருப்பதுபோல, பெக்டின் என்ற பொருள் ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருக்கிறது. வேகும்போது அந்தப் பெக்டின் கரைந்து செல்கள் பிரிகின்றன, பழம் குழைகிறது. ஜாமில் அதே பெக்டின் மீண்டும் வலைபோல் பின்னிக்கொண்டு உறைவதற்கு அமிலத்தோடு மிகுதியான சர்க்கரையும் வேண்டும். சாஸ் அப்படி உறைவதே இல்லை. தண்ணீரில் மிதக்கும் செல் கூட்டங்களின் நெருக்கம்தான் அதன் கெட்டித்தன்மை. தண்ணீரைக் குறைத்தால் கெட்டி, கூட்டினால் தளர்வு, அவ்வளவே. இன்னும் சொல்லப்போனால், வேகத் தொடங்கும்போதே சர்க்கரையைப் போட்டால் துண்டுகள் விறைத்துக்கொண்டு குழைய மறுக்கும். சர்க்கரைப் பாகில் வேகும் ஆப்பிள் உடையாமல் நிற்பது இதனால்தான். மசிய வேண்டிய பழத்துக்கு அது இடைஞ்சல்.

இனி மிஞ்சியிருப்பது இனிப்பு. நூறு கிராம் பச்சை ஆப்பிளில் சராசரியாகப் பத்து கிராமுக்குச் சற்று மேலே சர்க்கரை இருக்கிறது. அதில் ஏறத்தாழ 6 கிராம் ஃப்ரக்டோஸ். குளுக்கோஸும், நாம் கடையில் வாங்கும் சர்க்கரையான சுக்ரோஸும் இரண்டு இரண்டரை கிராம். இது சராசரிதான். ஒரே மரத்தின் ஒரே கிளையில் இரண்டு வாரம் முன்னே பறித்த பழத்துக்கும் பின்னே பறித்த பழத்துக்கும் இடையில் இருக்கும் வேறுபாடு பெரிது. கோடை முழுவதும் இலைகள் சமைத்து அனுப்பும் சர்க்கரையில் ஒரு பங்கை ஆப்பிள் மாவுச்சத்தாகச் சேர்த்துவைக்கிறது, மாவுச்சத்துக்கு இனிப்பில்லை. பழுக்கும் தருவாயில் அது மீண்டும் சர்க்கரையாக உடைகிறது. இந்த மாற்றம் நடுவிலிருந்து தொடங்கி வெளிப்புறம் நோக்கி நகர்கிறது. தோட்டக்காரர்கள் ஆப்பிளைக் குறுக்கே வெட்டி அயோடின் கரைசலில் நனைத்துப் பார்ப்பது இதற்காகத்தான். மாவுச்சத்து இருக்கும் இடம் கருநீலமாகும், சர்க்கரையாகிவிட்ட இடம் நிறம் மாறாது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் இதற்கென்று 1 முதல் 8 வரை படங்களோடு ஒரு அளவுகோல் வகுத்திருக்கிறது. 2 என்றால் வெட்டுமுகம் பெரும்பாலும் கறுப்பு. 8 என்றால் முழுக்க வெளுப்பு. முழுக்கக் கறுக்கும் ஆப்பிளைச் சாஸாக்குகிறவர், பழத்துக்குள் இனிப்பாக மாறக் காத்திருந்த பொருளை அப்படியே வேகவைத்துவிட்டு, அதன் இடத்தில் வேறொரு வயலில் விளைந்த கரும்புச் சர்க்கரையைக் கொண்டுவந்து போடுகிறார். இரண்டு வாரப் பொறுமையின் விலைதான் அந்தச் சர்க்கரை.

பறித்த பிறகும் ஆப்பிள் உயிரோடுதான் இருக்கிறது. வாழையையும் மாம்பழத்தையும் போலவே எத்திலீன் வாயுவை வெளியிட்டுத் தன்னைத்தானே பழுக்கவைத்துக்கொள்ளும் இனம் அது. மீதமிருக்கும் மாவுச்சத்து சர்க்கரையாகிறது. கூடவே, மூச்சுவிடுவதற்கு எரிபொருளாக அது தன் மாலிக் அமிலத்தையும் செலவழிக்கிறது. ஸ்வீடனில் வாழ்ந்த வேதியியலாளர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே 1785-இல் ஆப்பிள் சாற்றிலிருந்து பிரித்தெடுத்த அமிலம் இது. ஆப்பிளின் புளிப்பு பெரும்பாலும் இதிலிருந்தே வருகிறது. நாக்கு சர்க்கரையைத் தனியாகவும் அமிலத்தைத் தனியாகவும் எடைபோடுவதில்லை, இரண்டின் விகிதத்தைத்தான் ருசியாக உணர்கிறது. சேமிப்பில் அமிலம் சர்க்கரையைவிட விரைவாகக் குறைவதால், ஒரு துளி சர்க்கரை கூடாமலே பழம் இனிப்பாகிக்கொண்டு போகிறது. பென்சில்வேனியாவின் யார்க் நகரத்தருகே 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டெடுக்கப்பட்ட யார்க் இம்பீரியல் வகையின் கதையே இதற்குச் சாட்சி. பள்ளிச் சிறுவர்கள் வசந்த காலத்தின் தொடக்கத்தில் ஒரு மரத்தடிக்குப் போய், குளிர்காலம் முழுவதும் உதிர்ந்த இலைகளுக்கடியில் கிடந்த பழங்களைத் தோண்டித் தின்பதை ஜான்சன் என்ற விவசாயி கவனித்தார் என்றும், பழத்தை ஜொனாதன் ஜெசப் என்ற நாற்றங்கால்காரரிடம் கொண்டுபோனார் என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. பிறகு பழவியலாளர் சார்லஸ் டவுனிங் அதைக் காத்திருக்கும் ஆப்பிள்களின் பேரரசன் என்ற பொருளில் புகழ, பெயர் நிலைத்தது. பக்கம் சாய்ந்த அழகில்லாத அந்தப் பழம், அதே மாநிலத்தின் ஆடம்ஸ் கவுண்டியில் வளர்ந்த சாஸ் தொழிலின் முதன்மைப் பழங்களில் ஒன்றாக நெடுங்காலம் இருந்தது. பறித்தவுடன் கடினமாக இருந்து கிடங்கில் கிடந்து கனியும் பழத்தை ஆலைகள் விரும்பியதில் வியப்பில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். காத்திருந்தால் இனிக்கும் என்றால், கடையில் எட்டு மாதம் பழைய ஆப்பிள் ஏன் சில வேளை புளிக்கிறது? இன்றைய கிடங்குகள் காத்திருப்பதற்காகக் கட்டப்பட்டவை அல்ல, காலத்தை நிறுத்திவைப்பதற்காகக் கட்டப்பட்டவை. உறைநிலையை ஒட்டிய குளிரில், காற்றில் இயல்பாக 21 சதவீதம் இருக்கும் ஆக்சிஜனை ஒன்றிரண்டு சதவீதமாகக் குறைத்து, பழத்தின் மூச்சையே அடக்கிவைக்கிறார்கள். மூச்சு அடங்கினால் அமிலமும் செலவாகாது. அப்படி வந்த பழத்தை வாங்கியவர், வீட்டுக் கூடையில் சில நாள் வெளியே வைத்து, தோலின் பச்சைச் சாயல் மஞ்சளாகி மணம் எழும்பிய பிறகு சாஸாக்கினால் போதும். மொறுமொறுப்பு போய்விடுமே என்பவருக்கு: மசிக்கப்போகும் பழத்துக்கு மொறுமொறுப்பு எதற்கு?

வகையைத் தேர்வதுதான் எல்லாவற்றிலும் பெரிய முடிவு, சமையல் குறிப்புகளில் சர்க்கரை எப்படிக் குடியேறியது என்பதும் அதிலேதான் புரிகிறது. இங்கிலாந்தின் சமையலறை ஆப்பிள் என்றால் பிராம்லி. நாட்டிங்ஹாம்ஷயரின் சவுத்வெல்லில் மேரி ஆன் பிரெயில்ஸ்ஃபோர்ட் என்ற சிறுமி 1809-இல் ஊன்றிய விதையிலிருந்து வந்தது. பின்னால் அந்த வீட்டை வாங்கிய மேத்யூ பிராம்லி என்ற இறைச்சிக்கடைக்காரரின் பெயரைப் பெற்றது. வேகவைத்தால் பஞ்சாகக் குழையும், மணமும் நிறைய. ஆனால் பச்சையாகக் கடித்தால் பல் கூசும் புளிப்பு. அமெரிக்காவில் 1870-இல் ரஷ்யப் பகுதியிலிருந்து வேளாண் துறை தருவித்த யெல்லோ டிரான்ஸ்பரன்ட், கோடை நடுவிலேயே பழுத்து, சில நாட்களிலேயே மாவாகிவிடும். சேமித்துவைக்க முடியாததால் வந்த வேகத்தில் சாஸாக்க வேண்டும், அதுவும் புளிப்புதான். ஆக, ஆண்டின் முதல் சாஸ் ஆண்டின் மிகப் புளித்த பழங்களிலிருந்து செய்யப்பட்டது. எழுதிவைத்த அளவுகள் இத்தகைய பழங்களுக்கானவை என்பது என் கணிப்பு. அந்த அளவை அக்டோபரில் பழுத்த கோல்டன் டெலிஷியஸுக்கும், காலா, ஃபியூஜி போன்ற இனிப்பு வகைகளுக்கும் அப்படியே பொருத்துவது பொருளற்றது. அமெரிக்க வேளாண் துறையின் கையேடு இனிப்பும் சாறும் நிறைந்த பழத்தையே எடுக்கச் சொல்கிறது. புளிப்புச் சாயல் வேண்டுமென்றால் 3 பங்கு இனிப்புப் பழத்துக்கு 1 அல்லது 2 பங்கு புளிப்புப் பழம் சேர்க்கலாம் என்கிறது. இந்தக் கலப்பு வெறும் இனிப்புக்காக அல்ல. அமிலமே இல்லாத இனிப்புப் பழத்தின் சாஸ் சப்பென்று இருக்கும், கொஞ்சம் புளிப்பு இருந்தால்தான் பழம் பழமாக ருசிக்கும். மணத்தின் பெரும்பகுதி தோலில் உண்டாவதால் தோலோடு வேகவைத்துப் பிறகு சல்லடையில் தேய்ப்பதும் நல்லது. சிவப்புத் தோலானால் சாஸுக்கு இளஞ்சிவப்பு நிறமும் கிடைக்கும். பட்டைத்தூள் ஒரு சிட்டிகை போட்டால் இனிப்பு கூடியதுபோல் தோன்றும். இனிப்புப் பண்டங்களோடு அந்த வாசனையைச் சேர்த்தே பழகிய மூளை அதை இனிப்பின் பக்கம் எழுதிக்கொள்கிறது.

ஆனால் சரியான பழத்தை எடுத்தவர்கூட அடுப்படியில் ஏமாறும் ஒரு கணம் உண்டு, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. சாஸ் கொதித்து இறக்கியதும் ஆவி பறக்க ஒரு கரண்டி எடுத்து ருசி பார்க்கிறோம். இனிப்புப் போதவில்லை என்று படுகிறது. சர்க்கரை டப்பா திறக்கிறது. ஆப்பிளின் சர்க்கரையில் பாதிக்கு மேல் ஃப்ரக்டோஸ் என்று பார்த்தோம். ஃப்ரக்டோஸ் மூலக்கூறு தண்ணீரில் ஒரே வடிவத்தில் இருப்பதில்லை. ஆறு அணு வளையமாகவும் ஐந்து அணு வளையமாகவும் மாறி மாறி உருக்கொள்கிறது. இவற்றில் ஒரு வகை ஆறு அணு வளையம்தான் நாக்கில் மிக இனிப்பது. குளிரில் அந்த வடிவம் மிகுதி. சூடு ஏற ஏற மூலக்கூறுகள் இனிப்புக் குறைந்த ஐந்து அணு வளையத்தை நோக்கிச் சாய்கின்றன. அதனால் 5 டிகிரி செல்சியஸில் சுக்ரோஸைப்போல ஏறத்தாழ 1.4 மடங்கு இனிக்கும் ஃப்ரக்டோஸ், 40 டிகிரியை ஒட்டிச் சுக்ரோஸுக்குச் சமமாகி, 60 டிகிரியில் அதன் 0.8 பங்குக்கு இறங்கிவிடுகிறது. மூலக்கூறு எங்கும் போய்விடவில்லை, ஆறினால் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும். சுக்ரோஸ் இப்படி வடிவம் மாறுவதில்லை. ஆகவே சூடாக இருக்கும்போது நாக்குக்குச் சரியாகப் படும் அளவுக்குச் சர்க்கரை போட்டவர், மறுநாள் குளிர்ந்த சாஸில் தான் போட்ட சர்க்கரையையும் திரும்பி வந்த ஃப்ரக்டோஸ் இனிப்பையும் சேர்த்துச் சாப்பிடுகிறார். ஒரு தட்டில் இரண்டு கரண்டி சாஸை ஊற்றிக் குளிர்பதனப் பெட்டியில் கால் மணி நேரம் வைத்து, பிறகு ருசி பார்த்து முடிவெடுப்பதுதான் முறை. சாஸைச் சுடச்சுடச் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த வாதம் பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் ஆப்பிள் சாஸ் பெரும்பாலும் குளிர்ந்தோ ஆறியோதான் உண்ணப்படுகிறது.

சர்க்கரை மலிவாகக் கிடைக்காத காலத்தில் என்ன செய்தார்கள் என்று கேட்டால், காய்ச்சினார்கள். பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானிய விவசாயக் குடும்பங்கள், ஆப்பிள் சாற்றையும் ஆப்பிள் துண்டுகளையும் பெரிய செம்புக் கொப்பரையில் இட்டு, வீட்டுக்கு வெளியே நெருப்பு மூட்டி, நீளமான மரத் துடுப்பால் நாள் முழுவதும் கிளறி, கரும்பழுப்பு நிறத்தில் ஒரு களியை இறக்கினார்கள். ஆப்பிள் வெண்ணெய் என்ற பெயர் அதற்கு உண்டு. வெண்ணெய் அதில் துளியும் கிடையாது. தண்ணீர் ஆவியாகப் போய்விட, பழத்தின் சர்க்கரையும் அமிலமும் செறிந்து நின்றன. இன்றைய அமெரிக்க விதி இத்தகைய பழக்களிகளுக்கு 43 சதவீதத் திடப்பொருள் கேட்கிறது. ஆப்பிள் சாஸிலும் சிறிய அளவில் இதைச் செய்யலாம். ஒரு கிலோ கூழை 800 கிராமாகச் சுண்டவைத்தால் 10 சதவீதச் சர்க்கரை 12.5 ஆகிவிடும். எடுத்த எடுப்பில் நிறையத் தண்ணீர் ஊற்றி, பிறகு அதைப் போக்க நேரமும் மணமும் செலவழிப்பதைவிட, அடிபிடிக்காத அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றுவது மேல். ஒரு பெரிய பாத்திரம் நிறைய ஆப்பிள் துண்டுகளுக்கு அரை கப் தண்ணீர் போதும் என்கிறது அமெரிக்க வேளாண் துறையின் கையேடு. பழத்திலேயே 85 சதவீதம் தண்ணீர்தானே.

இந்த இடத்தில்தான் மிகக் கூர்மையான மறுப்பு வருகிறது. சுண்டவைத்துச் செறிவாக்கினாலும், காத்திருந்து கனியவைத்தாலும் கடைசியில் நாக்கில் படுவது சர்க்கரைதானே. பையிலிருந்து வந்தால் என்ன, பழத்திலிருந்து வந்தால் என்ன? இந்த மறுப்பில் உண்மை இருக்கிறது, அதை மழுப்பக் கூடாது. சர்க்கரை சேர்க்காத சாஸ், சர்க்கரை இல்லாத சாஸ் அல்ல. அமெரிக்க வேளாண் துறையின் ஊட்டச்சத்துப் பட்டியலின்படி அதில் நூறு கிராமுக்கு 9 கிராமுக்கு மேல் சர்க்கரையும் 42 கலோரியும் உண்டு. அரை கப் சாப்பிட்டால் 11 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ளே போகும். நீரிழிவு உள்ளவர்கள் டப்பாவில் உள்ள வாசகத்தைப் பார்த்து அளவில்லாமல் சாப்பிட்டுவிடக் கூடாது. சர்க்கரைக்குப் பதில் தேன், வெல்லம், பேரீச்சை விழுது, செறிவாக்கிய ஆப்பிள் சாறு என்று எதைப் போட்டாலும் கணக்கு மாறாது. ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தேன் கொடுப்பதோ பாட்டுலினம் காரணமாக ஆபத்தானதும்கூட. பிரிட்டனின் பொதுச் சுகாதாரத் துறை 2018-இல் வகுத்த வரையறை இன்னும் ஒரு படி மேலே போய், மசித்துக் கூழாக்கிய பழத்தின் சர்க்கரையையே கட்டுப்படுத்த வேண்டிய சர்க்கரைக் கணக்கில் சேர்க்கிறது. முழுப் பழத்தில் செல்லுக்குள் அடைபட்டிருந்த சர்க்கரை, செல் உடைந்ததும் வெளியே வந்துவிடுகிறது என்பது அதன் நியாயம்.

அந்த நியாயத்துக்குச் சோதனைச் சான்றும் உண்டு. பிரிஸ்டலைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 1977-இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வில், பத்துப் பேருக்கு ஒரே அளவு மாவுப்பொருள் உள்ள முழு ஆப்பிள், ஆப்பிள் கூழ், ஆப்பிள் சாறு மூன்றையும் வெவ்வேறு நாட்களில் கொடுத்தார்கள். முழுப் பழத்தைச் சாப்பிட ஆன நேரத்தில் பதினொன்றில் ஒரு பங்கில் சாறு உள்ளே போய்விட்டது. உண்ணும் வேகத்தைச் சமமாக்கிய பிறகும் வயிறு நிறைந்த உணர்வு பழத்துக்கு அதிகம், கூழுக்கு அதைவிடக் குறைவு, சாற்றுக்கு மிகக் குறைவு. ரத்தத்தில் சர்க்கரை ஏறியது மூன்றிலும் ஏறத்தாழ ஒன்றுபோலத்தான். ஆனால் சாற்றுக்கும் கூழுக்கும் இன்சுலின் கூடுதலாகச் சுரந்தது. சாற்றுக்குப் பின் சர்க்கரை அளவு சரிந்து விழுந்தது, கூழுக்குப் பின் சற்றுக் குறைவாக, பழத்துக்குப் பின் அந்தச் சரிவே இல்லை. 2009-இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வும் இதே வரிசையைக் காட்டியது. மதிய உணவுக்கு முன் ஆப்பிள் துண்டுகள் சாப்பிட்டவர்கள், எதுவும் சாப்பிடாதபோது உண்டதைவிட 15 சதவீதம் குறைவாக உண்டார்கள். சாஸுக்கு அந்த விளைவு குறைவு, சாற்றுக்கு இன்னும் குறைவு. ஆகவே பல் உள்ளவர்கள் ஆப்பிளைக் கடித்துச் சாப்பிடுவதே சிறந்தது, சாஸ் அதற்கு மாற்றாகாது. ஆனால் இதிலிருந்து, எப்படியும் சர்க்கரை இருக்கிறது, இன்னும் கொஞ்சம் போட்டால் என்ன என்ற முடிவுக்குத் தாவ முடியாது. இனிப்பூட்டிய சாஸில் நூறு கிராமுக்கு 15 கிராமை ஒட்டிய சர்க்கரையும் 68 கலோரியும் இருக்கின்றன. பழத்தின் சர்க்கரையோடு கொஞ்சம் நார்ச்சத்தும் பொட்டாசியமும் தோலின் நிறமிகளும் வருகின்றன, கூடுதலாகப் போட்டதோடு எதுவும் வருவதில்லை. கடிக்க முடியாத முதியவர்கள், விழுங்கச் சிரமப்படும் நோயாளிகள், முதல்முறை திட உணவு உண்ணும் குழந்தைகள் ஆகியோருக்கு முழுப் பழம் என்ற வாய்ப்பே இல்லை. அவர்கள் நம்பியிருக்கும் உணவில் காரணமில்லாமல் சர்க்கரையைக் கூட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

நம் ஊர்ச் சந்தைக்கு இந்த வேதியியல் எப்படிப் பொருந்துகிறது? சிம்லா ஆப்பிள் என்று இங்கே விற்கப்படுவதில் பெரும்பங்கு டெலிஷியஸ் குடும்பம். சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர் இமாச்சலத்தின் கோட்கட்டில் 1916-இல் கொண்டுவந்து நட்ட ரெட் டெலிஷியஸ் கன்றுகளோடு தொடங்கிய மரபு அது. அமிலம் குறைந்த இந்தப் பழத்துக்குச் சர்க்கரை சேர்ப்பது முற்றிலும் வீண். அதற்கு வேண்டியது எதிர்த்திசையில்: ஒரு பச்சை ஆப்பிளோ அரை மூடி எலுமிச்சைச் சாறோ சேர்த்தால் சப்பென்ற ருசி எழுந்து நிற்கும், வெட்டிய துண்டுகள் கறுப்பதும் குறையும். மலிவாகக் கிடைக்கிறதென்று அழுகல் விழுந்த பழங்களை மட்டும் சாஸுக்கு ஒதுக்க வேண்டாம். ஆப்பிளை அழுகவைக்கும் பெனிசிலியம் பூஞ்சை பட்டுலின் என்ற நஞ்சை உண்டாக்கும், அது வேகவைத்தாலும் முழுதாக அழியாது. ஐரோப்பிய ஒன்றியம் ஆப்பிள் கூழில் கிலோவுக்கு 25 மைக்ரோகிராமுக்கு மேல் அதை அனுமதிப்பதில்லை, குழந்தை உணவில் 10-க்கு மேல் அனுமதிப்பதில்லை. புட்டியில் அடைக்கும் ஏற்பாடு இல்லாத வீட்டில் சாஸைக் குளிர்பதனப் பெட்டியில் ஒரு வாரத்துக்குள் முடித்துவிடலாம், மீதியை உறையவைக்கலாம். இன்னொன்று, வேகவைப்பது என்றதும் நம் கை குக்கருக்குத்தான் போகும். ஆப்பிள் சாஸைப் பிரஷர் குக்கரில் வைக்கவே கூடாது என்று பழைய குக்கர் கையேடுகள் பெயர் சொல்லியே எச்சரிக்கின்றன. குழைந்த பழம் நுரைத்துப் பொங்கி ஆவி போகும் துளையை அடைத்துவிடும். கனமான அடியுள்ள பாத்திரத்தில், தளர்வாக மூடி, சிறுதீயில் அவ்வப்போது கிளறிவிட்டால் இருபது நிமிடத்தில் பழம் தானாகக் குழைந்துவிடும்.